காவலுக்குத் துணை நிற்கும் தெரு

ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 1993இல் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். போலீசாருடன் இரவு ரோந்து, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல், தகவல் சொல்லுதல் ஆகியவை தன்னார்வலர்களின் வேலையாக இருந்தன. கைது செய்யவோ விசாரிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. இந்த எல்லை மிக முக்கியம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது இவ்வமைப்பினர் மீதும் புகார் எழுந்தது. அந்த ஆண்டு ஜூலையில் தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது.

அமைப்பு தடை செய்யப்பட்டாலும், கோவை சரவணம்பட்டி போன்ற இடங்களில் அக்கம்பக்கக் கண்காணிப்பு இன்றும் தேவை. சத்தி சாலையை ஒட்டி ஐ.டி. நிறுவனங்களும் கல்லூரிகளும் பெருகி, வெளியூர்க்காரர்கள் வாடகைக்குக் குடியேறிய பகுதி இது. பூட்டிய வீட்டு வாசலில் சேரும் பால் பாக்கெட்டும் செய்தித்தாளுமே ஆளில்லை என்று திருடனுக்குக் காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டார் அவற்றை எடுத்து வைத்தாலே பாதிக் காவல். சந்தேக நபரைக் கண்டால் மடக்கி அடிக்காமல், 100 அல்லது 112க்கு அழைக்க வேண்டும்.