நீர்க்குளிரூட்டி வாங்குமுன்

வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மாத இறுதியில் எஞ்சுவது எவ்வளவு என்பதை ஈஜிபுராவில் குடியிருக்கும் நம் அன்பர்கள் நன்கறிவர். அவ்வாறு எஞ்சியதைக் கையில் வைத்திருக்கும் வேளையில், வீட்டுப் பிள்ளை, "அப்பா, கம்ப்யூட்டரின் பிராசஸரைக் குறித்த வேகத்திற்கு மேல் ஓட்டப்போகிறேன், லிக்விட் கூலர் வாங்க வேண்டும்" என்கிறான். என்ன விடை கூறுவது? அதனை ஆராய்வதே எம் நோக்கம்.

ஓவர்கிளாக்கிங் எனப்படும் இவ்வழக்கத்தில் வேகத்தோடு மின்னழுத்தமும் கூட்டப்படும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து வீதம் உயர்த்தினால், வெப்பமோ நூற்றுக்கு முப்பத்துமூன்று வீதம் உயரும். பத்துக்கு ஆசைப்பட்டு முப்பத்துமூன்றைச் சுமப்பதே இவ்வாணிகம்.

லிக்விட் கூலர் வெப்பத்தை அழிப்பதன்று, இடம் மாற்றுவது. பிராசஸரின் மீதுள்ள செப்புத் தகடு சூட்டை வாங்க, பம்ப் திரவத்தை ஓட்ட, ரேடியேட்டரும் விசிறியும் அச்சூட்டை அறைக்குள் விடுகின்றன. ஆதலின், அறையைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைக்க இதனால் இயலாது. 2016 ஏப்ரலில் இந்நகரின் வெப்பம் 39.2 பாகையைத் தொட்டது. மேலும், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றின் அடர்த்தி குறைவு. விசிறியின் பயனும் அந்த அளவிற்குக் குறையும். சன்னலற்ற சிற்றறையில் விலையுயர்ந்த கூலரும் தளர்ந்துவிடும்.

இனி, தேர்வுக்கு வருவோம். வேகத்தைக் கூட்டாத நடுத்தரப் பிராசஸருக்கு நல்ல காற்றுக் கூலரே போதும். அதில் பழுதாகக்கூடியது விசிறி ஒன்றே. ஓரளவு வேகம் கூட்டுவோர் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரை நாடலாம். இன்டெல் ஐ9-14900கே போன்றது, வேகம் கூட்டாமலே 253 வாட் வரை இழுக்கும். அதற்கு 360 தேவை. பெட்டியில் அது அடங்குமா என்று அளவுநாடாவால் அளந்த பின்னரே எஸ்.பி. சாலைக் கடைகளுக்குச் செல்க. மதர்போர்டின் சாக்கெட்டுக்குப் பொருந்துமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, திரவம் கசிந்து பிற உறுப்புகள் கெட்டால் ஈடு உண்டா என்பனவற்றையும் கேட்டறிக.

பொருத்துகையில் ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல், உள்ளிருக்கும் காற்று பம்பில் சேர்ந்து இரையும், தேயும். 2017-இல் தொடங்கிப் பல்லாண்டு நீண்ட மேம்பாலப் பணியின் புழுதியை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். திங்களுக்கு ஒருமுறை ரேடியேட்டரின் தூசியைத் துடைப்பது நலம்.

ஒன்றை மறத்தல் ஆகாது. குளிர்ச்சி, மிகை மின்னழுத்தத்திற்கு முழுக் காப்பாகாது. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் சில மின்னழுத்த மிகுதியால் பழுதுற்றதும், அந்நிறுவனம் 2024-இல் உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டியதும் நாடறிந்த செய்தி. தயாரிப்பாளரே இயன்ற வேகத்தின் எல்லைவரை ஓட்டிவிடும் இந்நாளில், நாம் கூட்டிப் பெறும் பயன் சிறிதே. அப்பணத்தில் நினைவகத்தைப் பெருக்கினாலோ, கோப்புகளைப் படியெடுத்து வைக்க ஒரு வட்டு வாங்கினாலோ வீட்டார் அனைவருக்கும் உதவும்.

பிள்ளையின் ஆவலைத் தடுக்க நாம் சொல்லவில்லை. தந்தையும் மகனும் ஒரு மாலை உடனமர்ந்து, பெட்டியையும் அறையையும் பணப்பையையும் ஒருங்கே அளந்து பார்க்கட்டும். அதன்பின் வாங்கினாலும் நன்று, வாங்காதொழியினும் நன்றே.