மருத்துவர்களின் ஐந்தாவது வீடு

மருத்துவர் ஒருவரின் பெயர்ப்பலகையில் எஃப்.ஆர்.சி.பி. (லண்டன்) என்னும் எழுத்துகளைத் தாங்கள் கண்டிருக்கலாம். லண்டன் மாநகரின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வழங்கும் சிறப்புத் தகுதியை அவை குறிக்கின்றன. கல்லூரி என்று பெயர் பெற்றிருப்பினும், அது மாணவர் நாள்தோறும் சென்று பயிலும் இடமன்று. மருத்துவர்களின் தரத்தைச் சோதித்து உறுதிசெய்யும் பொருட்டு, தாமஸ் லினேக்கர் உள்ளிட்ட மருத்துவர்களின் வேண்டுகோளை ஏற்று, மன்னர் எட்டாம் ஹென்றி 1518இல் பட்டயம் அளித்து நிறுவிய சங்கமாகும்.

அச்சங்கம் இதுவரை நான்கு முறை வீடு மாறியுள்ளது. முதலில் லினேக்கரின் இல்லத்தில் கூடியது. பின்னர் ஆமென் கார்னர் என்னுமிடத்திற்குச் சென்றது. இரத்தச் சுற்றோட்டத்தை உலகிற்கு விளக்கிய வில்லியம் ஹார்வி அங்கே ஒரு நூலகத்தை அமைத்துக் கொடுத்தார். 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அவ்விடம் அழிந்தது. நூல்களில் மிகச் சிலவே தப்பின. அதன்பின் ராபர்ட் ஹூக் வடிவமைத்த வார்விக் லேன் கட்டடமும், 1825 முதல் டிராஃபால்கர் சதுக்கத்தை ஒட்டி ராபர்ட் ஸ்மர்க் எழுப்பிய கட்டடமும் அதன் இருப்பிடங்களாயின.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த இடமும் போதாமற் போயிற்று. புதிய மனைக்கு ரீஜண்ட்ஸ் பார்க் பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டது. உலகப்போரில் குண்டுவீச்சால் சிதைந்த ஒரு மாளிகை நின்ற இடம் அது. சுற்றிலும், ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் 1820களில் உருவாக்கிய வெண்ணிற மாளிகை வரிசைகள். இன்று பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாகப் போற்றப்படும் அச்சூழலில் எதனைக் கட்டுவது? நாஷின் தூண்களையும் வளைவுகளையும் அப்படியே பின்பற்றினால் அது போலியாகும். அவற்றைப் பொருட்படுத்தாது கட்டினால் அது அக்கம்பக்கத்தாரை அவமதிப்பதாகும்.

பணியை ஏற்ற டெனிஸ் லாஸ்டன் மூன்றாவது வழியைக் கண்டார். அவர் எழுப்பியது முற்றிலும் புதுமையான கட்டடம். எனினும் அதன் மேல்தளங்களைப் போர்த்திய வெண்ணிறப் பீங்கான் சில்லுகள், அண்டை மாளிகைகளின் வெண்சுதைப் பூச்சோடு இசைந்தன. விரிவுரை அரங்கைப் பாதியளவு நிலத்தினுள் தாழ்த்தி, கருநீலச் செங்கற்களால் அதனை மூடினார்; அந்நிறம் பழைய மாளிகைகளின் கற்பலகைக் கூரைகளை நினைவூட்டியது. உருவத்தை நகலெடுக்காது, நிறத்தாலும் உயரத்தாலும் அவர் சூழலுக்கு மரியாதை செய்தார். 1964இல் அரசி இரண்டாம் எலிசபெத் கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

கட்டடத்தின் உள்ளமைப்பிலும் ஆழ்ந்த சிந்தனை இருந்தது. நூலகம், உணவுக்கூடம், தேர்வாளர் அறை போன்ற மாறாத பகுதிகளை வெண்ணிறத்தாலும் உறுதியான வடிவத்தாலும் வேறுபடுத்தினார். காலத்தோடு வளரவேண்டிய பகுதிகளைச் செங்கல்லால், பின்னர் மாற்றத்தக்க வகையில் அமைத்தார். வார்விக் லேனில் ஹூக் காலத்தில் பொருத்தப்பட்ட ஓக் மரச் சுவர்ப்பலகைகள் டிராஃபால்கர் சதுக்கம் வழியாக வந்து, இன்றும் தேர்வாளர் அறையை அணிசெய்கின்றன. வீடு மாறியது, மருத்துவராக விழைவோர் சோதிக்கப்பட்ட அறையின் சுவர்கள் மாறவில்லை.

கட்டடம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1962இல், புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்த அறிக்கையை அச்சங்கம் வெளியிட்டது. மருத்துவருக்குள் மட்டும் பேசிவந்த ஒரு பழைய சங்கம் மக்களை நோக்கித் திரும்பியதன் அடையாளமாக அவ்வறிக்கையை நாங்கள் கருதுகிறோம். 1990களில் இடம் மேலும் தேவைப்பட்டபோது, லாஸ்டனே கட்டடத்தை விரிவாக்கினார். வளர்ச்சிக்கென அவர் விட்டுவைத்த வாய்ப்பு பயன்பட்டது. 1998இல் அக்கட்டடமே முதல் தரப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றை இங்கு நாங்கள் கூறுவதற்குக் காரணம் உண்டு. “முன்பு வேறுவிதமாகச் சொன்னார்களே, இப்போது ஏன் மாற்றுகிறீர்கள்?” என்று நோயாளிகளும் உறவினரும் எங்களிடம் வினவுவதுண்டு. அக்கட்டடம் எழுந்த நாள்களில், மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே இருக்கச் செய்வது வழக்கமாயிருந்தது. இன்று நிலைமை சீரானவரை, ஓரிரு நாள்களிலேயே மேற்பார்வையுடன் எழுந்து நடக்கச் செய்கிறோம். இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணம் என்றனர். பெரும்பாலும் ஒரு கிருமியோ வலிநிவாரணி மாத்திரைகளோ காரணம் என்பதை இன்று அறிவோம். இவை செங்கல்லால் கட்டிய, வளரும் பகுதிகள்.

நோயாளி கூறுவதை முழுமையாகக் கேட்டல், உடலைத் தொட்டுச் சோதித்தல், அவர்தம் செய்திகளைக் காத்தல், தீங்கு நேராது பார்த்தல் ஆகியவையோ மாறாத அறைகள். அவற்றில் குறைவு கண்டால் தயங்காது எங்களிடம் கூறுங்கள்.

சிகிச்சை மாறும்போது காரணத்தைக் கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை. பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் வீசிவிடாது தேதி வரிசையில் வைத்திருந்து, ஒவ்வொரு வருகையிலும் கொண்டுவாருங்கள். புதிய முடிவை எடுக்கும்போது, பழையதில் எதனைத் தொடர்வது, எதனை விடுவது என்று தெளிய அவையே எங்களுக்குத் துணை.