தண்ணீர்மலை அடிவாரத்தில் தாய்ச்சி

பினாங்குத் தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க 513 படி ஏற வேண்டும். மூட்டுத் தேய்மானம் வந்தவர்களுக்கு அது சாமானியமான காரியமா? "முட்டி விடமாட்டேங்குதுப்பா" என்று அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். பக்கத்திலேயே, 1884இல் உருவான தாவரவியல் பூங்காவில், காலை வேளையில் சீன முதியவர்கள் தாய்ச்சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சி செய்கிறார்கள். நாமோ அது அவர்கள் சமாச்சாரம் என்று கடந்துபோகிறோம்.

கொஞ்சம் நின்று அவர்கள் கால்களைக் கவனியுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. பாரம் முழுக்க ஒரு காலில். மறுகாலின் குதிகால் வெறுமனே தரையைத் தொடுகிறது. பிறகு பாதம் படிகிறது. அதன் பிறகே பாரம் மெல்ல அந்தக் காலுக்கு மாறுகிறது. கையும் மூச்சும் கூடவே நகர்கின்றன. தொடைத் தசைக்கு வேலை கிடைக்கிறது, மூட்டுக்கு அதிர்ச்சி இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சென்சென் வாங் இதைத்தான் சோதனைக்கு உட்படுத்தினார். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரில் ஒரு பாதிப் பேருக்கு 12 வாரம், வாரம் இருமுறை தாய்ச்சி. மறுபாதிக்கு முறையான பிசியோதெரபி. 2016இல் முடிவு வெளியானது: வலி இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. மனச்சோர்வு குறைந்ததில் தாய்ச்சி ஒரு படி முந்தியது. சும்மா இருப்பவர்களோடு ஒப்பிடாமல், மருத்துவர்களே பரிந்துரைக்கும் சிகிச்சையோடு மோதவிட்டாரே, அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

அவருடைய இன்னொரு பணி எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஃபைப்ரோமயால்ஜியா வந்தவர்களுக்கு உடம்பெல்லாம் வலிக்கும், தூக்கம் கெடும். ஆனால் ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள். அந்த வலியை நம்பி, அளந்து பார்த்தார் வாங். 2010இல் 66 பேர் பங்கேற்ற ஆய்வில் தாய்ச்சி செய்தவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. 2018இல் 226 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 24 வாரம் தாய்ச்சி செய்தவர்கள் அதே காலம் ஏரோபிக்ஸ் செய்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள்.

இந்த ஆய்வுகளில் ஒரு குறையும் உண்டு. மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். தாய்ச்சி செய்பவரிடம் அதை மறைக்க முடியாது. நம்பிக்கையால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மருந்தை நிறுத்திவிட்டுத் தாய்ச்சிக்கு வரக் கூடாது. முழங்காலை ஆழமாக மடக்கவும் கூடாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் நல்ல காலணியோடு, பிடித்துக்கொள்ள ஏதாவது பக்கத்தில் இருக்க, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். மலேசியாவில் நீரிழிவு விகிதம் அதிகம் உள்ளவர்கள் இந்தியர்களே என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பினாங்கில் கற்றுத்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. நம் கோயில் மண்டபங்கள் வாரத்தில் இரண்டு காலை இதற்கென்று திறந்திருக்கட்டும். பூங்காவில் செய்துகொண்டிருக்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்தால் போதும்.