குளிர்சாதனப் பெட்டிக்கு ஆகும் மின்செலவு: ஒரு பிணக்கும் ஒரு கணக்கும்

ஜேர்மனியில் ஒரே வீட்டில் குடியிருக்கும் இரு நண்பர்கள் தமது பிணக்கொன்றுக்குக் கணக்குப் பார்க்க என்னை அழைத்தார்கள். ஒருகாலத்தில் பௌதிகம் படிப்பித்தவன் என்ற தோஷம் தொழிற்சாலை வரைக்கும் தொடர்கிறது.

ஒருவர், யாரோ இலவசமாகக் கொடுத்த பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கொண்டுவந்து குசினியில் வைத்திருக்கிறார். அதன் தகட்டில் 120 வோட்ஸ் என்றிருக்கிறது. மற்றவர் அதை 24 மணித்தியாலத்தால் பெருக்கி, நாளுக்கு 2.88 அலகு, அலகுக்கு 35 சதப்படி வருடத்துக்கு 368 யூரோ என்று எழுதிவைத்து, "இதை நீரே கட்டும்" என்றுவிட்டார்.

பெருக்கலில் பிழையில்லை. பெருக்கிய மணித்தியாலம்தான் பிழை. தகட்டில் உள்ளது இயந்திரம் ஓடும்போது இழுக்கும் வலு. உள்ளே போதியளவு குளிர்ந்ததும் வெப்பநிலைக் கட்டுப்பாடு அதை நிறுத்திவிடும். சூடு ஏறியதும் மறுபடி ஓடவிடும். நாளில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத் தகடு சொல்லாது. குசினியின் வெப்பம், கதவு இறப்பரின் நிலை, ஆறமுன்னரே உள்ளே போகும் கறிச்சட்டி எல்லாம் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே அளந்து பார்த்தோம். சுவர்ச் செருகிக்கும் பெட்டிக்கும் இடையில் பொருத்தும் சிறிய மின்மானியை ஒரு வாரம் விட்டுவைத்தோம். ஒரு நாள் போதாது. சனி, ஞாயிறில் கதவு திறபடுவது வேறு, வேலைநாளில் வேறு. ஏழு நாளில் 7.7 அலகு. வருடத்துக்குச் சுமார் 400 அலகு, 140 யூரோ. ஆளுக்கு 70. மாதாந்த நிலைக்கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கட்டவேண்டியதே.

இது சில்லறை விவகாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கு சமூக உதவிப்பணத்தில் வாழ்பவருக்கு வாடகையும் வெப்பமூட்டலும் தனியாகக் கணிக்கப்படுகின்றன. வீட்டு மின்சாரமோ சாப்பாட்டுக் காசு வரும் அதே தொகைக்குள் அடக்கம். பெட்டி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் குசினிக்குள் வெப்பமாகவே வெளியேறுகிறது. பனிக்காலத்தில் அரசின் வெப்பமூட்டற் செலவைக் கொஞ்சம் நாங்கள் தாங்குகிறோம் என்று இருவருக்கும் சொன்னேன். சிரிக்கவில்லை.

வருடத்துக்கு 150 அலகு என்று சிட்டையில் குறித்த புதிய பெட்டியென்றால் 250 அலகு, அதாவது 88 யூரோவுக்குக் கிட்ட மிஞ்சும். அதை வாங்கும் காசு இருவரிடமும் இல்லை. காசில்லாதவனே கூடுதலாகக் கட்டுகிறான். இப்போதைக்குக் கதவு இறப்பரை மாற்றிவிட்டு இன்னொரு வாரம் அளப்பதென்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மின்மானி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.