பெயர் மூன்று, மருந்து ஒன்று

பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் வளர்த்த பிள்ளை பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறான். “அம்மா, கொஞ்சம் காய்ச்சல். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன்” என்று தொலைபேசியில் சொல்கிறான். நாமும் கவலையற்று இருந்துவிடுகிறோம். அது சரிதானா என்று இன்று பார்ப்போம்.

டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்து தீங்கே செய்யாது என்பது தவறான எண்ணம். அளவு மீறினால் அதுவும் கெடுதல்தான்.

நாம் ‘பனடோல்’ என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் இருப்பது பாராசிட்டமோல் என்னும் மருந்து. வழக்கமான மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் உண்டு. பெரியவர்கள் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு போடலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது.

பரீட்சை நேரத்தில் ஒரு மாணவன் தலைவலிக்கு நான்கு வேளை இரண்டிரண்டு போடுகிறான், அது எட்டு. சளிக்கென்று வேறு பெயரில் வாங்கியதை மூன்று வேளை இரண்டிரண்டு போடுகிறான், அது ஆறு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமோல் கலந்திருக்கிறது. ஆக, அவன் விழுங்கியது பதினான்கு! அறைத் தோழன் மூன்றாவது பெயரில் ஒன்றைக் கொடுத்தால் கணக்கு இன்னும் ஏறும்.

அளவு மீறினால் கெடுவது கல்லீரல். முதல் நாள் குமட்டல் மட்டும் இருக்கலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கேடு வெளிப்படும். இதற்கு மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகுந்த பலன் தரும். ஆகவே, “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னோர் ஆபத்து டெங்கிக் காய்ச்சல். அதன் உடல்வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகளைப் போட்டால் இரத்தக் கசிவு அதிகமாகலாம். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக்கூடாது. வெறும் வயிற்றில் இம்மாத்திரைகளைப் போடுவது குடலையும் புண்ணாக்கும். பசியாறாமல் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நண்பன் மிச்சம் வைத்த ஆண்டிபயாட்டிக் மருந்தும் வேண்டாம். சாதாரணச் சளிக்கு அது பயன்படாது.

பெற்றோர்களே, பிள்ளை தொலைபேசியில் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பெட்டியில் எழுதியுள்ள மருந்தின் பெயர் என்ன? இன்று மொத்தம் எத்தனை போட்டாய்? காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது? இரண்டு நாளைத் தாண்டியிருந்தால், “பல்கலைக்கழகத்து கிளினிக்கில் போய்க் காட்டு” என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் தோட்டத்து டிரஸர் மாத்திரையை எண்ணித்தான் கொடுப்பார். கடையில் வாங்கும்போது எண்ணிக் கொடுக்க எவரும் இல்லை. அந்தக் கணக்கை நாமும் நம் பிள்ளைகளும்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.