புரதத்தில் சர்க்கரை ஒட்டாமல் தடுக்குமா கடற்பாசி?

சர்க்கரை நோயாளிகளுக்கு நன்கு பழக்கமான பரிசோதனை எச்.பி.ஏ.1.சி. 'மூணு மாச சராசரி' என்று சொல்வார்களே, அதுதான். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் கணக்கு. 6.5 அல்லது அதற்கு மேல் போனால் சர்க்கரை நோய். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், கடந்த சில மாதங்களின் நிலவரம் அதில் பதிவாகிவிடுகிறது.

ஆனால், சர்க்கரை ஹீமோகுளோபினோடு நிற்பதில்லை. நொதி எதுவும் தேவைப்படாமல், உடலின் எந்தப் புரதத்திலும் அது ஒட்டும். இதற்குப் பெயர் கிளைகேஷன். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் விவரித்த வினை இது. தோசை முறுகிச் சிவப்பதும் இதே வினையால்தான். சூடான கல்லில் நிமிடங்களில் முடிவது, 37 டிகிரி உடல் வெப்பத்தில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

தொடக்கத்தில் ஒட்டிய சர்க்கரை பிரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. நாள்பட நாள்பட அது மீளமுடியாத பொருளாக மாறுகிறது. ஏ.ஜி.இ. எனப்படும் இந்தப் பொருட்கள் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ரத்தக்குழாய்ச் சுவரை விறைக்க வைக்கின்றன. கண் வில்லையின் புரதங்கள் வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படுவதில்லை. அங்கே இவை சேர்ந்துகொண்டே போவது கண்புரைக்கு ஒரு காரணம். சிறுநீரகமும் விழித்திரையும்கூடத் தப்புவதில்லை.

பாசி என்ன செய்கிறது?

புளோரோடானின் என்ற சேர்மங்கள் பழுப்புக் கடற்பாசிகளில் மட்டுமே உருவாகின்றன. மேய வரும் கடல் உயிரினங்களிடமிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் பாசியைக் காப்பவை இவை. குளுக்கோஸ் சிதையும்போது உடலில் மெத்தில்கிளையாக்சால் என்ற மூலக்கூறு உண்டாகும். புரதத்தைத் தாக்குவதில் அது குளுக்கோஸைவிடப் பல மடங்கு வேகமானது. அது புரதத்தை நெருங்குமுன் புளோரோடானின் அதைப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. ஃபியூகஸ் வெசிகுலோசஸ் என்ற பாசியை வைத்து இதை 2012-இல் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

சோதனை முறை எளிது. மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமினையும் குளுக்கோஸையும் குழாயில் கலந்து, 37 டிகிரியில் நாள்கணக்கில் வைப்பார்கள். உருவாகும் ஏ.ஜி.இ.-க்களில் பல, புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். பாசிச் சாறு சேர்த்த குழாயில் ஒளி மங்கினால் தடுப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

நம் கரையிலும் பழுப்புப் பாசிகள் உண்டு. ராமநாதபுரம் கரையோர மக்கள் கட்டக்கோரை என்பது சர்காசம். பக்கடா பாசி என்பது டர்பினேரியா. இந்த இரண்டு இனங்களோடு படைனா என்ற பாசியையும் சேர்த்து மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். குழாயில் மட்டுமல்ல, அதிக குளுக்கோஸ் கொடுத்து வளர்த்த நுண்புழுக்களிலும் பலன் தெரிந்தது.

மாத்திரையாகுமா?

புழுவுக்கும் மனிதனுக்கும் நடுவே தூரம் அதிகம். புளோரோடானின்களில் பல பெரிய மூலக்கூறுகள். குடலில் கொஞ்சமே உறிஞ்சப்படுகின்றன. தென் கொரியாவில் மனிதர்களிடம் நடந்த ஆய்வு, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையைப் பார்த்ததே தவிர, புரதச் சேதம் குறைந்ததா என்று நிறுவவில்லை. முன்னுதாரணமும் எச்சரிக்கிறது: கிளைகேஷனைத் தடுக்க வந்த அமினோகுவானிடின் என்ற மருந்து, விலங்குகளில் நன்றாகவே வேலை செய்தும் மனிதச் சோதனைகளைத் தாண்டவில்லை.

பாசியை அப்படியே அதிகம் தின்பதும் ஆபத்து. பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு அது பிரச்சினை. சர்காசம் வகையைச் சேர்ந்த ஹிஜிகி என்ற ஜப்பானியப் பாசியை, ஆர்சனிக் இருப்பதால் உண்ண வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர முகமை 2004-இலேயே அறிவுறுத்தியது.

ஆகவே, 'சர்க்கரைக்குக் கடற்பாசி கேப்ஸ்யூல்' விளம்பரம் கண்ணில் பட்டால், மனிதர்களிடம் சோதித்தார்களா, எதை அளந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை, சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதே கிளைகேஷனைக் குறைக்க நிரூபிக்கப்பட்ட வழி.