பாவை அசைக்கும் தொழில்

எமது விடுதித் தோழர் ஒருவர் களிமண்ணால் உருவங்கள் சமைப்பதில் வல்லவர். பட்டம் பெற்றபின் ஸ்டாப் மோஷன் படமெடுக்கும் சிறு ஸ்டுடியோ ஒன்றிற் சேரப்போவதாக அவர் வீட்டிற்குத் தெரிவித்தார். "பொம்மை விளையாட்டும் ஒரு பிழைப்பா?" என்று தந்தையார் கேட்டுவிட்டார். இருவர்க்கும் நடுநின்று ஆராயும் பொறுப்பு எம்மேல் வீழ்ந்தது. இலக்கணம் பயில்வோர் எதனையும் ஆராயவல்லார் என்று எண்ணினர் போலும்!

அத்தொழிலின் இயல்பை முதற்கண் கூறுவாம். பாவையொன்றை நிறுத்தி ஒரு படம் பிடித்தல், அதன் கையை நெல்லளவு நகர்த்தி மற்றொரு படம் பிடித்தல், இவ்வாறே தொடர்தல். சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொரு நிலையையும் இருமுறை பிடிப்பது பெருவழக்காதலின், விநாடிக்கு 12 நிலைகளேனும் வேண்டும். பாவையினுள்ளே கம்பியாலோ உலோக மூட்டுக்களாலோ அமைந்த எலும்புக்கூடு உண்டு. அஃதின்றேல் தூக்கிய கை தூக்கியவாறு நில்லாது. முழங்கை ஒருமுறை மேடையில் இடித்துவிடின், காலைமுதற் செய்த வேலை பாழாதலும் உண்டு. பெரும்படங்களில் ஒருவர் நாள்முழுதும் உழைத்து முடிப்பது சில விநாடிகளே.

இத்தகைய வேலையைச் சிறு ஸ்டுடியோவில் நடத்தியோர் வரலாறு ஒன்று எம் நினைவிற்கு வந்தது. இங்கிலாந்தில் ஆலிவர் போஸ்ட்கேட், பீட்டர் பர்மின் என்னும் இருவர் 1959-இல் ஸ்மால்பிலிம்ஸ் என்பதனைத் தொடங்கினர். கான்டர்பரி நகருக்கு அண்மையில், பர்மினது பண்ணையிலிருந்த பழைய மாட்டுக்கொட்டிலே அவர்கட்கு ஸ்டுடியோவாயிற்று. கதை எழுதுவதும், பாவையை நகர்த்துவதும், படம் பிடிப்பதும், குரல் கொடுப்பதும் போஸ்ட்கேட். சித்திரமும் பாவையும் பர்மின். 1969-இல் வெளிவந்த கிளேஞ்சர்ஸ் என்னும் தொடரின் பாவைகளைப் பர்மினுடைய மனைவியார் கம்பளி நூலாற் பின்னிக் கொடுத்தார். காமிராவை ஒவ்வொரு படமாக இயக்கும் விசையையும் வீட்டிலேயே செய்துகொண்டனர். அட்டை உருவங்களை வைத்து, நாளொன்றுக்கு இரண்டு நிமிடப் படம் எடுத்தனராம். 1974-இல் வந்த பாக்பஸ் என்னும் தொடர் 13 பகுதிகளே. ஆயினும் 1999-இல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில், சிறுவர் தொடர்களுள் அதுவே முதலிடம் பெற்றது.

இது கேட்டுத் தோழர் துள்ளினார். "பொறும், மறுபக்கமும் உண்டு," என்றோம். 1980-களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியார் இவர்கள்பாற் புதுப்படம் கேட்பதை நிறுத்தினர். கொட்டிலில் வேலையும் ஓய்ந்தது. வாங்குவோர் ஓரிருவரே ஆயின், அவர் மனம் மாறும் நாளில் அடுப்பும் அணையும். தந்தையாரின் அச்சம் இதுவேயாயின், அது வெறும் அச்சமன்று.

பெரிய ஸ்டுடியோவில் இவ்விடர் இல்லையோ எனின், உண்டு. வேறு வடிவில் உண்டு. பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் 1972-இல் பள்ளித்தோழர் இருவரால் தொடங்கப்பெற்றுப் பெருகியது. 2018-இல் அதன் பெரும்பங்கு ஊழியர் உடைமையாக்கப்பட்டது. எனினும் இத்துறையிற் பலர் ஒரு படத்திற்கென்றே ஒப்பந்தஞ் செய்யப்பெறுவர். படம் முடிந்தால் வேறிடம் தேடவேண்டும். அங்கே ஒருவர் வாய்களை மட்டுமே செய்து ஆண்டினைக் கழித்தலுங்கூடும். சிறு ஸ்டுடியோவிலோ மரம் அறுக்கவும், சட்டை தைக்கவும், விளக்கு அமைக்கவும், சிலபோது தேநீர் வைக்கவும் கற்கலாம். சம்பளம் குறைவெனினும் கைத்தொழில் முழுதாய் வரும். எமக்கு இதுவே மேலாகத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த படத்திற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சேருமுன்னரே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். கேட்க வெட்கப்படுவோர் பின்னர் வருந்துவர்.

பொறுமை உண்டா என்பது மற்றொன்று. நிக் பார்க் என்பார் 1982-இல் மாணவராயிருந்தபோது தொடங்கிய எ கிராண்ட் டே அவுட் என்னும் குறும்படம் 1989-இலேதான் முற்றுப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 23 நிமிடம்! இதனைக் கூறியபோது தோழர் சிறிதுநேரம் பேசாதிருந்தார்.

மறுநாள் இரவு அவர் அறையில் விளக்கு அணையவில்லை. மேசைமேல் களிமண் ஆடொன்று எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் எட்டு விநாடி தேறியது. மின்விளக்கு மினுக்கியதாற் படமும் மினுக்குகிறது. அதனை அப்படியே தந்தையார்க்கு அனுப்பியுள்ளார். மறுமொழி இன்னும் வரவில்லை.